எழுதும் பெயரும் வேலைப் பெயரும்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

லண்டன் வால்தம்ஸ்டோவிலிருந்து பேசுகிறேன். இரவுப் பணி முடிந்து, தூங்கி எழுந்து, இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். குரல் கொஞ்சம் கட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் தனக்கென்று ஒரு பக்கம் வைத்து எழுதுகிறவர், தன் அடையாளத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது? இதுதான் இன்று எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. கணினி தெரிந்தவர்கள் இதை வேறுவிதமாகப் பேசுவார்கள். நான் நர்ஸ். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயராவது இருக்கும். ஞானஸ்நானத்தில் வைத்தது ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று. இந்த நாட்டுக்கு வந்ததும் மூன்றாவது சேர்ந்தது. ஊரில் வெறும் முன்னெழுத்தாக இருந்த அப்பாவின் பெயர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகிவிட்டது. வார்டில் எல்லோரும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் பதிவேட்டில் இருப்பதும் அந்தப் பெயர்தான். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். நோயாளிகளின் பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆக, என் வேலைப் பெயர் எல்லோருக்கும் பொது. எழுதும் பெயராவது எனக்கே எனக்கென்று இருக்கட்டும் என்று நான்காவதாக ஒன்றை வைத்துக்கொண்டேன்.

புனைபெயர் தமிழுக்குப் புதிதல்ல. ரா.கி.ரங்கராஜன் ஏற்கெனவே குமுதத்தில் இருந்ததால், குழப்பம் வராமலிருக்க இன்னொரு ரங்கராஜன் தன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். துவரங்குறிச்சியில் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டியிருந்த ரொக்கையா, குடும்பத்துக்குத் தெரியாமல் எழுதுவதற்காக சல்மா ஆனார். 2000-இல் அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. சுஜாதாவுக்குப் புனைபெயர் ஒரு வசதி. சல்மாவுக்கு அது இல்லாவிட்டால் எழுத்தே இல்லை.

மூன்றாவதாக பாமாவைச் சொல்லவேண்டும். கன்னியர் மடத்திலிருந்து வெளியே வந்தவர். 1992-இல் 'கருக்கு' வெளியானது. பாமா என்பது புனைபெயர்தான். வெளியூர் வாசகர்களுக்கு அவர் யாரென்று தெரியாமல் இருந்திருக்கலாம். ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் போகுமா? தங்களைப் பற்றி எழுதிவிட்டாரே என்று கோபப்பட்டார்கள். பல மாதங்கள் அவரால் ஊருக்குள் போகமுடியவில்லை. புனைபெயர் தூரத்தில் இருப்பவர்களிடமிருந்துதான் நம்மை மறைக்கும். பக்கத்தில் இருப்பவர்களிடம் அது செல்லாது. இந்தப் பாடத்தை நான் பின்னால் என் செலவில் படித்தேன். அதற்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு வழக்கு இருக்கிறது. லங்காஷயர் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்த ரிச்சர்ட் ஹோர்ட்டன், 'நைட்ஜாக்' என்ற பெயரில் தன் வேலையைப் பற்றி வலைப்பதிவு எழுதிவந்தார். 2009 ஏப்ரலில் அதற்கு ஆர்வெல் பரிசு கிடைத்தது. பரிசு வந்ததும், இவர் யார் என்று தேட ஆரம்பித்தார்கள். டைம்ஸ் பத்திரிகை கண்டுபிடித்துவிட்டது. பெயரை வெளியிடத் தடை கேட்டு அவர் நீதிமன்றம் போனார். அந்த ஆண்டு ஜூனில் நீதிபதி ஈடி தடை தர மறுத்தார். வலைப்பதிவு எழுதுவது பொதுவெளியில் செய்கிற காரியம், எழுதியவர் பெயர் தெரியாமலே இருக்கும் என்று சட்டப்படி எதிர்பார்க்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பெயர் அச்சானது. வலைப்பதிவு அழிக்கப்பட்டது. வேலையிடத்தில் எழுத்துமூல எச்சரிக்கை வந்தது.

கதை அதோடு முடியவில்லை. வெளியில் கிடைத்த தகவல்களைப் பொருத்திப் பார்த்தே கண்டுபிடித்ததாக நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த நிருபர் ஹோர்ட்டனின் மின்னஞ்சலுக்குள் அனுமதியின்றி நுழைந்திருந்தார் என்பது 2012-இல், லெவிசன் விசாரணை நடந்த காலத்தில் வெளியே வந்தது. பத்திரிகை 42,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. பணம் வந்தது, பெயர் திரும்ப மறையவில்லை. புனைபெயரை நாம் காக்கலாம், ஆனால் சட்டம் நமக்காக அதைக் காக்கும் என்று நம்பி எதையும் எழுதக்கூடாது.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பெரும்பாலும் திருட வேண்டிய அவசியமே இல்லை. நாமே துண்டு துண்டாகக் கொடுத்துவிடுகிறோம். அமெரிக்காவில் லதன்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000-இல் ஒரு கணக்குச் சொன்னார். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் எண், இந்த மூன்றும் இருந்தால் அந்நாட்டு மக்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்றார். பெயரே தேவையில்லை. இங்கே நிலைமை இன்னும் நெருக்கம். ஈ 17 என்றால் வால்தம்ஸ்டோ முழுவதும் வரும். ஆனால் முழு அஞ்சல் குறியீட்டைச் சொன்னால் சராசரியாக 15 முகவரிகள்தான். ஒரு கட்டுரையில் 'ஹோ ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்தே வேலைக்குப் போவேன்' என்று எழுதுகிறோம். இன்னொன்றில் வார்டின் பெயர் வருகிறது. மூன்றாவதில் பிள்ளையின் பிறந்தநாள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்து வைத்தால் நாம்தான்.

இப்போது என் விஷயம். ஒரு வயதான யாழ்ப்பாணத்து அம்மாவைப் பற்றி எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், நோயையும் மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. ஊசி போடும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு மலாய் மொழியில் எண்ணுவார். சின்ன வயதில் அப்பாவின் உத்தியோகத்தால் மலாயாவில் இருந்தவர். அந்தக் கட்டுரையின் உயிரே அதுதான் என்று நினைத்தேன். பயம் வந்தால் குழந்தைப் பருவத்து மொழிக்குள் போய்விடுகிறார் என்று எழுதினேன். நிறையப் பேர் பாராட்டினார்கள்.

அந்த அம்மா காலமாகி ஒரு வருடத்துக்குப் பிறகு, தமிழ் ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கைபேசியை நீட்டினார். "சிஸ்டர், இது நீங்கள் எழுதினதோ? இது எங்கட அம்மாதானே?" நான் பதில் சொல்லவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. "அம்மா பயந்தவ எண்டு எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு முன்னால சிரிச்சுக்கொண்டுதான் இருந்தவ. அதை உங்கட எழுத்தில வாசிச்சுத்தான் நாங்கள் அறியவேணுமோ?"

எங்கள் கவுன்சில் 2015-இல் வெளியிட்ட நடத்தை விதிகளில், நோயாளியின் அந்தரங்கம் அவர் இறந்த பிறகும் தொடரும் என்று தெளிவாக இருக்கிறது. சமூக ஊடகத்தில் எழுதும்போதும் மற்றவர் அந்தரங்கத்தை மதிக்கவேண்டும் என்றும் இருக்கிறது. எனக்குத் தெரியாத விதிகள் அல்ல. முன்பின் தெரியாத ஒருவரால் அடையாளம் காண முடியாது என்றால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது இல்லை. அவருடைய மகளுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கவேண்டும்.

மறுநாள் என் மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். கட்டுரையை எடுத்தேன். ஆனால் அது அதற்குள் என் பெயர்கூட இல்லாமல் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. இண்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற அமைப்புகள் 1996 முதலே வலைப்பக்கங்களுக்குப் பிரதி எடுத்து வைக்கின்றன. நம்மைப் பற்றிய தகவலை நீக்கக் கேட்கும் உரிமை இங்கே சட்டத்தில் உண்டு. தேடுபொறிகளிடமும் அதைக் கேட்கலாம் என்று 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒவ்வொரு கைபேசியிலும் இருக்கும் பிரதியை எந்த நீதிமன்றமும் அழித்துத் தராது.

அப்படியானால் எழுதாமல் இருந்துவிடலாமா? 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாகவும், இனி ஆசிரியர் பெ.முருகன் மட்டும் வாழ்வதாகவும் முகநூலில் அறிவித்தார். எழுதும் பெயரைக் கொன்று வேலைப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும் நிலைக்கு அவரைத் தள்ளியிருந்தார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகு மீண்டும் எழுதினார். ஒருவருக்குள் இருக்கும் இரண்டு பெயர்களில் ஒன்றை மட்டும் வெட்டி எடுக்க முடியாது என்று நான் புரிந்துகொண்டேன். நானும் ஆறு மாதம் எழுதாமல் இருந்து பார்த்தேன். வேலையும் சரியாக ஓடவில்லை.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். முதலாவது, புனைபெயரில் எழுதினாலும் என் மேலாளர் அதை வாசிப்பார் என்று நினைத்தே எழுதுகிறேன். இரண்டாவது, நோயாளியின் கதையை எழுதுவதில்லை. அவர் அருகில் நின்றபோது எனக்குள் நடந்ததைத்தான் எழுதுகிறேன். வேறொருவரின் கதைதான் வேண்டும் என்றால், அவரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்டுவிட்டு, வெளியிடும் முன் வாசித்துக் காட்டுகிறேன். மூன்றாவது, எழுத்துக்கென்று தனி மின்னஞ்சல், அதற்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு. ஹோர்ட்டனின் பெட்டிக்குள் நுழைந்ததை மறக்கவேண்டாம். நான்காவது, கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே போடுவதில்லை. எடுத்த நேரமும், நாம் அனுமதித்திருந்தால் இடமும், படக்கோப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அதை நீக்கிவிட்டுத்தான் ஏற்றுகிறேன்.

கடைசியாக, எழுதியதையெல்லாம் என் கணினியிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். யாஹூ 2009-இல் ஜியோசிட்டிஸை மூடியது, கூகுள் 2019-இல் கூகுள் பிளஸை மூடியது. அங்கே மட்டும் எழுதி வைத்திருந்தவர்கள் இழந்தார்கள். அழியவேண்டியது அழியாமல் சுற்றுகிறது, இருக்கவேண்டியது ஒரு நாளில் காணாமல் போகிறது. இணையம் இரண்டையும் செய்யும்.

அந்தப் பெண்ணை இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிறேன். ஒருமுறை, "இப்ப எழுதுறேல்லையோ?" என்று கேட்டார். "எழுதுகிறேன், ஆனால் கேட்டுவிட்டு" என்றேன். "அப்ப சரி" என்றார். எந்தப் பெயரில் எழுதுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத்தான் தெரியுமே.

கேள்விகள் இருந்தால் சொல்லுங்கள், தெரிந்த வரைக்கும் பதில் சொல்கிறேன்.