உங்களுக்குத் தெரியுமா? நிலவு ராக்கெட்டின் எஞ்சினை ஒளியால் அளந்தார்கள்!

மனிதரை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதல் அடுக்கில் ஐந்து எஃப்-1 எஞ்சின்கள் இருந்தன. ஒவ்வொன்றின் உந்துவிசையும் சுமார் 680 டன். 1973க்குப் பிறகு அவை பறக்கவே இல்லை.

ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரிலுள்ள நாசாவின் மார்ஷல் மையத்து இளம் பொறியாளர்கள், பாதுகாத்து வைத்திருந்த எஃப்-1 எஞ்சினைப் பிரித்து ஆராய்ந்தார்கள். பழைய வரைபடங்கள் இருந்தும் போதவில்லை. கையால் பற்றவைத்து உருவாக்கிய எஞ்சின் அது. வேலையின் நடுவே செய்த சிறு சிறு மாற்றங்கள் பல, தாளில் ஏறவே இல்லை.

கைகொடுத்தது 3டி ஸ்கேனிங்.

● பாகத்தின் மேல் வரிவரியாக ஒளியைப் பாய்ச்சுவார்கள். மேடுபள்ளத்துக்கு ஏற்ப வரிகள் வளையும்.

● கேமரா அதைப் படம்பிடிக்கும். கணினி அந்த வளைவுகளைக் கணக்கிட்டு லட்சக்கணக்கான புள்ளிகளாக்கும். புள்ளிகளை இணைத்தால் பாகத்தின் வடிவம் திரையில் தயார்.

● பளபளக்கும் உலோகம் ஒளியைக் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும்; வரிகள் சரியாகத் தெரியாது. அதனால் இவ்வகை ஸ்கேனிங்கில் மெல்லிய வெள்ளைப் பொடியைத் தெளித்துக்கொள்வது வழக்கம்.

2013 ஜனவரியில், எரிபொருள் பம்பைச் சுழற்றும் வாயுவை உண்டாக்கும் பகுதியை மட்டும் தனியே எரியூட்டிச் சோதித்தார்கள். அது மீண்டும் முழங்கியது!

ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த ஸ்கேனர் காட்டுவது வெளி வடிவத்தை மட்டுமே. எந்த உலோகக் கலவை, எவ்வளவு சூட்டில் பதப்படுத்தினார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால்தான் செய்தவர்கள் தங்கள் கைப்பக்குவத்தையும் எழுதிவைப்பது அவசியம்.