பட்டிப்பளை ஆற்றுப் படுகை: நீர், நிலம், கலை

ஒரு பிரதேசத்தின் பாடல்களையும் சடங்குகளையும் தொகுத்துவிடுவதனால் மாத்திரம் அதன் பண்பாட்டை விளங்கிக்கொள்ள முடியாது. அப்பாடல்களைப் பாடியோர் யாருடைய நிலத்தில், யாருடைய கட்டுப்பாட்டில் இருந்த நீரைக் கொண்டு பயிர் செய்தனர் என்ற வினாவும் உடனெழுதல் வேண்டும். கிழக்கிலங்கையின் பட்டிப்பளை ஆற்றுப் படுகையை இந்நோக்கிலேயே இங்கு அணுக முற்படுகின்றோம்.

ஊவா மலைச்சாரலில் தோன்றிக் கிழக்கு நோக்கிப் பாயும் இந்த ஆறு சிங்களத்திற் கல்லோயா எனப்படும். இதன் கீழ்ச் சமவெளியிலும், வடக்கே மட்டக்களப்பு வாவியின் மேற்கிலமைந்த படுவான்கரையிலும் நெல்லே வாழ்வின் அடிப்படை. இப்பகுதிப் பேச்சுவழக்கில் 'வெள்ளாமை' என்ற சொல் பெரும்பாலும் நெற்செய்கையையே குறித்து நிற்பது அவதானிக்கத்தக்கது.

இச்செய்கையின் உச்சியில் இருந்தவர் போடியார். பெருநில உடைமையாளரான அவரின் கீழ், உழைப்போரை வழிநடத்தும் முல்லைக்காரனும் வயற்காரர்களும் இருந்தனர். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் இவர்கள் போடியாரிடம் நெல்லும் பணமும் முற்பணமாகப் பெற்றனர். அறுவடையில் அதனைக் கழித்தபின் எஞ்சியதே அவர்களுடைய ஊதியம். வயல்வெளியின் நீர்ப் பங்கீட்டை வட்டைவிதானை கவனித்தார். சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய இடங்களில் முஸ்லிம் போடிமாரும் முஸ்லிம் வயற்காரரும் இதே அமைப்பிலேயே வாழ்ந்தனர். அவ்வகையில் இவ்வுறவு இனங்களைக் கடந்ததொரு வர்க்க உறவு எனலாம்.

கலைகளின் காலக்கணக்கும் இவ்வமைப்பினின்றே பிறந்தது. மாரி வெள்ளாமை முடிந்து நெல் வீடு வந்த பின்னரே வடமோடி, தென்மோடிக் கூத்துகள் களரி ஏறின. வைகாசியிற் கண்ணகியம்மன் குளிர்த்தி நிகழ்ந்தது. கோயில் நிருவாகத்தில் வண்ணக்கர் பதவியும் சடங்கு முதன்மைகளும் குடி வழியாகப் பகிரப்பட்டன. சூடு மிதிக்கும் களவெட்டியில் நெல்லைப் 'பொலி' என வழங்கும் தனிச் சொல்வழக்கு இருந்தது. விளைவு பெருகவேண்டும் என்ற நம்பிக்கை அதிற் பொதிந்துள்ளது. ஆயின் பெருகிய பொலியிற் பெரும்பங்கு யாரிடம் சென்றது என்பதை அச்சொல் கூறுவதில்லை.

1949ஆம் ஆண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அமெரிக்க நிறுவனமான மொரிசன் நூட்சன் இங்கினியாகலையில் அணையைக் கட்டியது. சேனாநாயக்க சமுத்திரம் உருவாகியதும், ஆற்றின் நீர் ஊரவரின் வழமையினின்று நீங்கி அரச நிருவாகத்தின் கைக்குச் சென்றது. நிலமற்றோர்க்கு நிலம் என்பது திட்டத்தின் வெளிப்படையான நியாயமாகும். தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வந்த ஏழைச் சிங்கள விவசாயிகளுக்கு அது மெய்யான தேவையுமாகும். ஆயினும் அணைக்கு அண்மித்த பகுதிகளிற் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றங்களும், கால்வாய்களின் கடைக்கோடியிற் பெரும்பாலும் தமிழ்க் கிராமங்களும் அமைந்தன. 1956 ஜூனில் இப்பள்ளத்தாக்கிலே தமிழர் மீது வன்முறை வெடித்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. உழைப்போரை ஒன்றிணைத்திருக்கக்கூடிய நீர், இவ்வாறு இன அரசியலின் கருவியாக மாறியது.

போடியாரின் நிலையும் மாறாதிருக்கவில்லை. 1958இன் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியின் பயிரிடும் உரிமைக்குப் பாதுகாப்பளித்தது. எனினும் உடைமையாளனுக்காகக் கூலிக்கு உழைத்தவனைக் குத்தகையாளனாக அது கொள்ளவில்லை. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணிக்கு 25 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. உழவு இயந்திரம் வயலுக்கு வந்தபோது எருமைகளோடு களவெட்டிச் சொற்களும் பின்வாங்கின. நீண்ட யுத்தம் படுவான்கரை மக்களை மீண்டும் மீண்டும் இடம்பெயரச் செய்தது.

இடதுகரைக் கால்வாயின் கடைக்கோடி வயல்கள் நீரின்றி வாடியமை 1980களின் தொடக்கத்தில் நடைபெற்ற நீர் முகாமைத்துவத் திட்டத்தின்போது நன்கு வெளிப்பட்டது. அக்காலத்தில் விவசாயிகள் குழுக்களாக ஒன்றிணைந்து கால்வாய்களைத் துப்புரவு செய்தனர். மேற்பகுதியினர் கீழ்ப்பகுதியினர்க்கு நீரை விட்டுக்கொடுத்தனர். சிங்களவரும் தமிழரும் இவ்வகையில் ஒத்துழைத்தமை எமது வரலாற்றிற் சிறு நிகழ்வன்று. பகைமை மக்களின் இயல்பிலிருந்து தோன்றியதன்று என்பதற்கு அது சான்றாகும்.

1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' இப்பிரதேசப் பண்பாட்டைத் தமிழுலகிற்கு அறிமுகஞ் செய்த அரிய நூல். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளிற் கூத்தைப் பல்கலைக்கழக அரங்கிற்குக் கொணர்ந்து அதற்கு மதிப்பைத் தேடித் தந்தார். இப்பணிகளின் தோள்மீது நின்றே நாம் அடுத்த வினாவைக் கேட்கின்றோம். ஆட்டமும் தாளமும் பதிவாகிவிட்டன. ஆடியவனின் கடன் கணக்கு பதிவாகியதா? போடியாரின் ஆதரவிற் செழித்த கலையை அவ்வாதரவு மறைந்தபின் தாங்கப்போவது யார்? பழைய நிலவுடைமை உறவை மீட்டுத் தந்து கூத்தைக் காப்பாற்ற எவரும் விரும்பார். உழைப்பவன் தன் நிலத்திலும் நீரிலும் உரிமை பெற்று, ஓய்வு பெற்று, தன் விருப்பினால் களரி அமைக்கும் நிலை தோன்றுமாயின் அக்கலை புதுவாழ்வு பெறும். எனவே முதிய அண்ணாவிமாரிடம் பாடல் கேட்கச் செல்லும் எம் மாணவர், முதிய முல்லைக்காரரிடம் கூலிக்கணக்கையும் கேட்டுவருதல் வேண்டும். இரண்டும் ஒரே வரலாற்றின் ஏடுகள்.