பாரிஸ் தண்ணீரின் கணக்கு

பொதுத்துறையா தனியாரா என்ற வாதம் பெரும்பாலும் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. பாரிஸ் குடிநீரின் கதையைப் பார்த்தால் அந்தக் கேள்வி போதாது என்று தெரியும். ஜாக் சிராக் மேயராக இருந்த 1985இல் அந்நகரம் நீர் விநியோகத்தை 25 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டது. செய்ன் நதியின் வலக்கரை ஒரு கம்பெனிக்கும் இடக்கரை இன்னொரு கம்பெனிக்கும் போயின. பிற்காலத்தில் வியோலியா, சூயெஸ் என்று உலகம் அறிந்தவை அவைதான். குழாய்களை நகரம் விற்கவில்லை. அவை கடைசிவரை மக்கள் சொத்தாகவே இருந்தன. ஆனால் அந்தக் குழாய்களைப் பராமரிக்க எவ்வளவு ஆகிறது, லாபம் எவ்வளவு என்பது உரிமையாளரான நகராட்சிக்கே சரியாகத் தெரியவில்லை. இந்த மூடுமந்திரத்தை 2000இல் அரசின் வட்டாரத் தணிக்கை மன்றமே கண்டித்தது. கட்டணமோ அந்த ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவும் அதில் சேர்ந்திருப்பதால் முழுப் பழியையும் கம்பெனிகள் மேல் போடுவது நியாயமல்ல. எது யாருடைய பங்கு என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போனதுதான் நோய்.

மேயர் பெர்ட்ராண் டெலனோயே குத்தகையைப் புதுப்பிக்கவில்லை. 2010 ஜனவரி முதல் 'ஓ தெ பாரி' என்ற நகராட்சி நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றது. முதல் ஆண்டிலேயே சுமார் 3.5 கோடி யூரோ மிச்சமானது. 2011இல் குடிநீர் விலை 8 சதவீதம் குறைந்தது. பங்குதாரர்களுக்கு லாபம் கொடுக்க வேண்டியதில்லை, கம்பெனி வரியும் இல்லை என்பதால் வந்த மிச்சம்தானே என்று கேட்பார்கள். வரியைப் பொறுத்தவரை அது சரியான கேள்வி. ஒரு அரசுப் பையில் விழாத பணம் இன்னொன்றில் தங்கியது, அவ்வளவே. லாபப் பங்கு அப்படியல்ல. அது நகரத்தை விட்டு வெளியே போன பணம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று: அரசு நிறுவனமும் கணக்கை மறைக்காதா? தாராளமாக மறைக்கும். கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் மட்டும் உட்காரும் நிர்வாகக் குழுவைக் குடிமகனால் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பாரிஸின் ஏற்பாடு முக்கியமாவது இங்கேதான். அங்கே குழுவில் நகராட்சி உறுப்பினர்களோடு ஊழியர், நுகர்வோர், சுற்றுச்சூழல் அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. 'பாரிஸ் நீர் கண்காணிப்பகம்' என்ற தனி மன்றத்தில் வாடகைக் குடியிருப்போரும் வீட்டுவசதி அமைப்புகளும் ஆய்வாளர்களும் கட்டணம், அறிக்கைகள் பற்றிக் கருத்துச் சொல்கிறார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் இந்த மன்றத்துக்கு இல்லை. அதைப் பெரிய குறை என்றே நான் எண்ணுகிறேன். இன்னொரு குறை நகரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பாரிஸ்காரர்களில் பெரும்பாலோர் அடுக்ககங்களில் வாழ்கிறார்கள். அவர்களின் தண்ணீர்க் கட்டணம் கட்டடப் பராமரிப்புத் தொகைக்குள் ஒளிந்துகொள்கிறது. பில்லே கைக்கு வராதவரைக் கூட்டத்துக்கு வரவழைப்பது எந்தக் கண்காணிப்பகத்துக்கும் கடினமான வேலை.