அலமாரிக்குள் யூரியா

வங்கியில் இருந்த 34 வருசத்தில் எத்தனை வீட்டுக் கடன் கோப்பில் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. சுவர், கூரை, பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்ப்போம். உள்ளே வைக்கும் அலமாரி எதனால் ஆனது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு மேலூர் பக்கம் 2 ஏக்கரில் இயற்கை விவசாயம். யூரியா மூட்டை வாங்கி 9 வருசம் ஆச்சு. அந்தப் பெருமை கொஞ்சம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகனுக்குத் தையில் கல்யாணம் பேசி முடித்ததும், கே.கே. நகர் வீட்டுக்கு உள்வேலை பார்க்கலாம் என்று ஒருவரைக் கூப்பிட்டோம். ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், அறைக்கு அறை பிளைவுட் அலமாரி. ஆறரை லட்சம் என்றார். தலையாட்டிவிட்டேன். முதல் அறை முடிந்தது. கதவைத் திறந்தால் கண் எரியுது, மூக்கில் நெடி. "புதுசு சார், போகப் போகச் சரியாயிடும்" என்றார்.

அந்தச் சமயம் என் தங்கை மகள் ஊரிலிருந்து வந்தாள். உள் அலங்காரப் படிப்பு படிக்கிறவள். அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, வயல்ல யூரியாவ விட்டுட்டு வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கீங்களே!"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை. சாதாரண பிளைவுட், பார்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பலகைகளை ஒட்டும் பசை பெரும்பாலும் யூரியாவையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துச் செய்வது. அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் கசியும். புதுசில் அதிகம், பூட்டிய அறையில் இன்னும் அதிகம். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. 2015-ல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது ஞாபகம் இருக்கும். மானிய யூரியா பிளைவுட் மாதிரி ஆலைகளுக்குத் திருட்டுத்தனமாகப் போவதைத் தடுப்பதும் அதற்கு ஒரு காரணம். செய்தியைப் படித்தேன், என் வீட்டு அலமாரியோடு அதை முடிச்சுப் போடத் தெரியவில்லை.

பிளைவுட் இல்லாமல் முடியாது என்கிறவர்கள் ஃபீனால் பசை போட்ட, தண்ணீர் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். கசிவு வெகுவாகக் குறையும். விலை கூடத்தான்.

அந்தப் பிள்ளைக்கு இந்தப் படிப்பில் இருக்கிற வெறியைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். காசாவைச் சேர்ந்த மஜ்த் மஷ்ஹராவி என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னாள். கட்டடப் பொறியியல் படித்தவர். 2014 போரில் வீடுகள் தரைமட்டம். முற்றுகையால் சிமென்ட் வருவதே திண்டாட்டம். கையில் இருக்கிற சாம்பலைச் சேர்த்துக் கட்டடக் கல் செய்ய முடியுமா என்று பல தடவை தோற்று, கடைசியில் செய்தே விட்டார். 'கிரீன்கேக்' என்று அதற்குப் பேர். 2023-லிருந்து அதே ஊர் மறுபடி இடிபாடாகக் கிடக்கிறது. "அவங்களுக்குக் கிடைச்சது சாம்பல். மாமா, உங்களுக்கு என்னதான் கிடைக்கல?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு வைகைக் கரையோரம் மேலக்கால் போனேன். வாழையும் வெற்றிலையும் விளைகிற பூமி. தார் வெட்டின பிறகு மரத்தை அப்புறப்படுத்தவே நாம் கூலி கொடுக்கிறோம். அந்த ஊர் விவசாயி முருகேசன், வாழை நாரில் பூக் கட்டுவதைப் பார்த்து, இதையே கயிறாகத் திரித்தால் என்ன என்று யோசித்தவர். சைக்கிள் சக்கர ரிம்மை வைத்துத் தானே எந்திரம் உருவாக்கினார். இன்றைக்கு அந்தக் கயிற்றில் கூடை, பை, பாய் எல்லாம் ஆகுது. ஊர்ப் பெண்களுக்கும் வேலை. பிரதமரே வானொலியில் அவரைப் பற்றிப் பேசினார். நாம் காசு கொடுத்துக் கழிக்கிற பொருள் நகரத்து வரவேற்பறையில் போய் உட்கார்கிறது. முசிறிப் பக்கம் கோரை போடுகிறவர்கள், பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள், பனை ஓலை முடைகிறவர்கள் எல்லாரும் உள் அலங்காரத் தொழிலில் இருக்கிறவர்கள்தான். நாம்தான் அப்படி நினைத்துப் பார்ப்பதில்லை.

சுவருக்கு பெயின்ட் வேண்டாம், சுண்ணாம்பு போதும் என்றாள். 1636-ல் கட்டிய நாயக்கர் மகாலின் தூண்கள் செங்கல்லும் சுண்ணாம்பும்தானே. சுண்ணாம்பு காய்கிறபோது காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது. தரைக்கு ஆத்தங்குடிக் கல்: கண்ணாடிப் பலகை மேல் சாயக் கலவையை ஊற்றிக் கையால் செய்வது, சூளையே கிடையாது. சிமென்ட் அதிலும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

தோட்டத்து வீட்டுக்கு மண் தரை போடலாம் என்று உற்சாகத்தில் நான் சொன்னதும், வீட்டம்மா கேட்டார்: "வாரா வாரம் சாணி மெழுகுறது யாரு? நீங்களா?" இதை அலங்காரப் புத்தகத்தில் எழுதுகிறவர்கள் யாரும் மெழுகியிருக்க மாட்டார்கள். அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டோம்.

முடிவாக ஒரு அறையோடு பிளைவுட்டை நிறுத்தினோம். கொடுத்த முன்பணத்தில் 70,000 திரும்பவில்லை. அடுப்படிக்குக் கடப்பா கல் தட்டு, கதவே இல்லை. மற்ற அறைகளுக்கு, ஆடிக் காற்றில் எங்கள் வரப்பில் சாய்ந்த வேம்பை அறுத்து மாட்டுக் கொட்டகை நிழலில் இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறோம். ஒரு அங்குலப் பலகை காய ஆறு மாசமாவது வேணும், ஈரத்தோடு செய்தால் கதவு கோணிக்கும் என்கிறார் ஆசாரி. வாரம் ஒருதரம் வந்து தட்டிப் பார்க்கிறார். இதை எழுதுகிற மார்கழியிலும், "இன்னும் கொஞ்சம் பொறுங்க சார்" என்றுதான் சொல்லிப் போனார். சம்பந்தி வீட்டுச் சீர் வந்தால் வைக்க, பரண் மேல் கிடந்த அம்மாவின் இரும்புப் பீரோவை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறோம்.