மெர்மெய்ட் அவென்யூ (இசைத் தொகுப்பு)

மெர்மெய்ட் அவென்யூ என்பது இங்கிலாந்துப் பாடகரும் பாடலாசிரியருமான பில்லி பிராக், அமெரிக்காவின் வில்கோ இசைக்குழுவுடன் சேர்ந்து 1998-ஆம் ஆண்டு வெளியிட்ட இசைத் தொகுப்பு ஆகும். இதில் 15 பாடல்கள் உள்ளன. அனைத்துப் பாடல்களின் வரிகளையும் எழுதியவர் அமெரிக்க நாட்டார் இசைக் கலைஞர் வுடி கத்ரி. அவர் 1967-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். அவர் எழுதி வைத்துவிட்டுப் போன வரிகளுக்கு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிராக்கும் வில்கோ குழுவினரும் புதிதாக மெட்டமைத்தனர். நாட்டார் இசையும் கன்ட்ரி இசையும் கலந்த தொகுப்புகளில் இது குறிப்பிடத்தக்க இடம் பெற்றுள்ளது.

மெட்டில்லாத பாடல்கள்

வுடி கத்ரி 1912-ஆம் ஆண்டு ஓக்லஹோமா மாநிலத்தின் ஒகீமா என்னும் சிற்றூரில் பிறந்தார். 1930-களில் அமெரிக்கச் சமவெளிகளைப் புழுதிப் புயல்கள் பாழாக்கியபோது, நிலத்தை இழந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போன உழவர்களின் துயரங்களைப் பாடிப் புகழ் பெற்றார். 1940-இல் அவர் எழுதிய 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' என்ற பாடலை அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகள் இன்றும் பாடுகிறார்கள்.

1940-களில் அவர் தம் மனைவி மார்ஜோரியுடன் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், கடற்கரையை ஒட்டிய கோனி தீவில் குடியிருந்தார். அவர்கள் வாழ்ந்த தெருவின் பெயரே மெர்மெய்ட் அவென்யூ. தொகுப்பின் பெயர் அதிலிருந்து வந்தது.

கத்ரிக்கு ஹன்டிங்டன் நோய் இருப்பது 1952-இல் கண்டறியப்பட்டது. மூளையின் நரம்பு செல்களைச் சிறிது சிறிதாக அழிக்கும் இந்த நோய், பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரக்கூடியது. அவருடைய தாயும் இதே நோய்க்கு ஆளானவர். கையும் குரலும் கட்டுப்பாட்டை இழந்ததால், வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளுக்கு மேல் அவர் மருத்துவமனைகளிலேயே கழிக்க நேர்ந்தது. 55-ஆம் வயதில் இறந்தார்.

அவர் விட்டுச் சென்ற தாள்களில், ஒலிப்பதிவு செய்யப்படாத பாடல்கள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. பல தாள்களில் எழுதிய தேதியும் இடமும்கூட உண்டு. மெட்டு மட்டும் இல்லை. கத்ரி இசைக்குறியீடு எழுதும் வழக்கம் உள்ளவர் அல்லர். மெட்டு அவர் மனத்தில் இருந்தது. அவரோடு மறைந்தும் போனது.

நோரா கத்ரியின் அழைப்பு

கத்ரியின் மகள் நோரா, தந்தையின் ஆவணங்களைத் தொகுத்துப் பாதுகாக்கும் பணியை ஏற்றிருந்தார். அந்தத் தாள்களைப் பெட்டியில் பூட்டி வைப்பதைவிட, பிறகு வந்த தலைமுறையின் கலைஞர்களிடம் கொடுத்துப் பாட வைப்பதே மேல் என்று அவர் கருதினார். 1995-ஆம் ஆண்டு பில்லி பிராக்கை அணுகினார்.

அமெரிக்காவிலேயே எத்தனையோ பாடகர்கள் இருக்க, இங்கிலாந்துக்காரர் ஒருவரை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. பிராக் 1957-இல் எசெக்ஸ் பகுதியின் பார்க்கிங் நகரில் பிறந்தவர். ஒற்றை மின் கிதாருடன் மேடையேறிப் பாடிப் பெயர் பெற்றவர். 1984-85-இல் பிரிட்டனில் நடந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அவர்களுக்கு ஆதரவாக ஊர் ஊராகப் பாடியவர். தொழிலாளர் போராட்டங்களோடு நின்று பாடிய கத்ரியின் வழியில் வந்தவர் என்பதே அவருடைய தகுதி.

பிராக் தனியாகச் செய்யாமல், சிகாகோவைச் சேர்ந்த வில்கோ குழுவைத் துணைக்கு அழைத்தார். ஜெஃப் ட்வீடி, ஜே பென்னட், ஜான் ஸ்டிராட், கென் கூமர் ஆகியோர் அப்போது அக்குழுவில் இருந்தனர். கன்ட்ரி இசையையும் ராக் இசையையும் இணைத்துப் பாடுவதில் அவர்கள் தேர்ந்தவர்கள். பதிவுகள் அயர்லாந்தின் டப்ளின் நகரிலும் அமெரிக்காவின் சிகாகோவிலும் நடந்தன. பாடகி நடாலி மெர்ச்சன்ட், ஆங்கில நாட்டார் இசைக் கலைஞர் எலைசா கார்த்தி, புளூஸ் கிதார் கலைஞர் கோரி ஹாரிஸ் ஆகியோரும் பங்கேற்றனர்.

கன்ட்ரி இசையும் நாட்டார் இசையும்

இத்தொகுப்பை 'இரு இசைகளின் கலவை' என்று சொல்லும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இவ்விரண்டும் தொடக்கத்தில் தனித்தனி இசைகளாக இருக்கவில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதிக்குக் குடியேறியவர்கள் தங்கள் கதைப்பாடல்களையும் பிடில் வாத்தியத்தையும் கொண்டு சென்றனர். அவற்றுடன் ஆப்பிரிக்க வழிவந்த பாஞ்சோவும் கறுப்பின மக்களின் பாடல் மரபும் சேர்ந்தன. 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் இந்தப் பாடல்களைப் பதிவு செய்து விற்கத் தொடங்கின. அமெரிக்க இசை வணிக இதழான பில்போர்டு 1944-இல் முதன்முதலாக வெளியிட்ட கன்ட்ரி தரவரிசைப் பட்டியலின் தலைப்பில் இருந்த சொல் 'ஃபோக்', அதாவது நாட்டார் இசை என்பதே.

கத்ரியும் இந்தப் பொதுச் சொத்திலிருந்து எடுத்தவரே. கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தார் பாடிய மெட்டுகளுக்குத் தம் சொற்களைப் பொருத்தி அவர் பாடல்கள் செய்தார். முன்னர்க் குறிப்பிட்ட 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' பாடலின் மெட்டும் அவர்களிடமிருந்து வந்ததுதான். அவர் பழைய மெட்டுக்குப் புதிய சொல் தந்தார். பிராக்கும் வில்கோவும் அவருடைய பழைய சொல்லுக்குப் புதிய மெட்டுத் தந்தனர்.

பாடல்கள்

பெரும்பாலான பாடல்களை பிராக்கும் ட்வீடியும் பகிர்ந்து பாடியுள்ளனர். பிராக் தம் எசெக்ஸ் உச்சரிப்பிலேயே பாடுகிறார். ஓக்லஹோமாக்காரரைப் போலப் பேசிக் காட்ட முயலவில்லை. ட்வீடி பாடும் 'கலிபோர்னியா ஸ்டார்ஸ்' இத்தொகுப்பில் மிகவும் அறியப்பட்ட பாடல். உழைத்துக் களைத்தவர் ஒருவர் விண்மீன்களின் கீழ் படுத்துறங்க ஏங்குவதைச் சொல்லும் இது, நிதானமான கன்ட்ரி தாளத்தில் அமைந்தது. 'வே ஓவர் யாண்டர் இன் த மைனர் கீ' பாடலில் கத்ரியின் ஓக்லஹோமா இளமைக்காலம் வருகிறது. 'பேர்ட்ஸ் அண்ட் ஷிப்ஸ்' பாடலை நடாலி மெர்ச்சன்ட் பாடுகிறார்.

புழுதிப் புயலின் பாடகர் என்ற படத்துக்குள் அடங்காத ஒரு கத்ரியை இப்பாடல்கள் காட்டுகின்றன. 'இங்கிரிட் பெர்க்மன்' ஒரு திரைப்பட நடிகையின்மேல் கொண்ட குறும்பான மயக்கத்தைப் பாடுவது. 'ஹூடூ வூடூ' குழந்தைகளுக்கான பொருளற்ற சொல் விளையாட்டு. 'ஐஸ்லர் ஆன் த கோ' அரசியல் பாடல். இசையமைப்பாளர் ஹான்ஸ் ஐஸ்லர், கம்யூனிஸ்ட் என்று விசாரிக்கப்பட்டு 1948-இல் அமெரிக்காவை விட்டு வெளியேற்றப்பட்ட நிகழ்வைப் பின்னணியாகக் கொண்டது. 'கிறைஸ்ட் ஃபார் பிரசிடென்ட்' தச்சரான இயேசுவையே நாட்டின் அதிபராக்கலாம் என்று கேலியும் கோபமுமாகச் சொல்கிறது.

கருத்து வேறுபாடு

இரு தரப்பாரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. பிராக்குக்குக் கத்ரியின் அரசியல் முதன்மையானது; வில்கோவினர் அவருடைய தனிமனித உணர்வுகளிலும் சொல் விளையாட்டிலும் அதிக ஈர்ப்புக் கொண்டனர். பதிவுகளின் இறுதி ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் பிணக்கு ஏற்பட்டது. தொகுப்பு வெளியானபின் பிராக் 'தி பிளோக்ஸ்' என்ற தம் குழுவுடன் இசைப்பயணம் சென்றார். வில்கோ தனியே சென்றது. ஆனால் இந்த இழுபறி தொகுப்பைக் கெடுத்துவிடவில்லை. போராளியான கத்ரியும் காதலரான கத்ரியும் அருகருகே இடம்பெற அதுவும் ஒரு காரணம்.

வரவேற்பும் தொடர்ச்சியும்

விமர்சகர்கள் தொகுப்பைப் பெரிதும் பாராட்டினர். சமகால நாட்டார் இசைத் தொகுப்புக்கான கிராமி விருதுக்கும் இது பரிந்துரைக்கப்பட்டது. இரண்டாம் தொகுதி 2000-ஆம் ஆண்டிலும், கத்ரியின் நூற்றாண்டான 2012-இல் மூன்றாம் தொகுதியுடன் கூடிய முழுத்தொகுப்பும் வெளிவந்தன. இம்முயற்சியைப் பதிவு செய்த 'மேன் இன் த சாண்ட்' என்ற ஆவணப்படமும் உண்டு. பிற்காலத்தில் வேறு பல கலைஞர்களும் கத்ரியின் தாள்களிலிருந்து பாடல் செய்தனர். அந்த ஆவணங்கள் இப்போது ஓக்லஹோமாவின் துல்சா நகரில் உள்ள வுடி கத்ரி மையத்தில் உள்ளன.

நாட்டார் பாடல் என்றால் எழுதியவர் பெயர் தெரியாத பழம்பாடல் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒருவர் பாடியதை அடுத்தவர் ஏற்று, தம் குரலுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாற்றிப் பாடுவதே அம்மரபின் உயிர். இத்தொகுப்பில் உள்ளவை கத்ரி தம் மனத்தில் பாடிய மெட்டுகள் அல்ல. அவை இனிக் கிடைக்கப்போவதும் இல்லை. அந்த இழப்பை மறைக்காமல், பாவனை செய்யாமல், மீந்திருந்த சொற்களை மறுபடியும் பாட்டாக்கியதே மெர்மெய்ட் அவென்யூவின் சிறப்பு.