மடிமீது படியும் கம்பி

பொருட்காட்சிக்குச் சென்று திரும்பும் இளைஞர்கள் இராட்டினத்தின் உயரத்தைப் பற்றிப் பேசுவார்கள்; அதன் வேகத்தைப் பற்றிப் பேசுவார்கள்; உச்சியிலிருந்து இறங்கும்போது வயிற்றில் எழுந்த கூச்சத்தைப் பற்றியும் பேசுவார்கள். தாம் அமர்ந்திருந்த இருக்கையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. மடிமீது வந்து படிந்த இரும்புக் கம்பியைப் பற்றிய எண்ணமோ, "கொஞ்சம் இறுக்குகிறதே" என்று முகம் சுளிப்பதோடு முடிந்துவிடும். ஆயினும், அந்த உயரமும் வேகமும் இன்பமாகவே நின்று துன்பமாக மாறாதிருப்பதற்கு இருக்கையும் கம்பியும் பெருங் காரணங்களாகும். அவை நம்மை எவ்வாறு பிடிக்கின்றன, யாரை நன்றாகப் பிடிக்கின்றன, யாரைப் பிடிக்கத் தவறுகின்றன என்பதைச் சற்று ஆராய்வோம்.

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கல் விழாவையொட்டி நடைபெறும் பொருட்காட்சி இவ்வட்டாரத்தார் நன்கு அறிந்தது. ஆலங்குளம், சிவகாசி, சாத்தூர் முதலிய ஊர்களின் பிள்ளைகளுக்கு அங்கே வந்து நிற்கும் பெரிய இராட்டினமும் கொலம்பஸ் கப்பலும் பழக்கமானவை. மேலைநாடுகளில் வளர்ந்து, இப்பொழுது நம் நாட்டிலும் ஓடுகின்ற ரோலர் கோஸ்டர் என்னும் ஊர்தியை அவற்றின் மூத்த உடன்பிறப்பு எனலாம். தண்டவாளத்தின்மீது மலைபோல ஏறிப் பள்ளத்தில் பாய்ந்து, சில இடங்களில் தலைகீழாகவும் சுழன்று வருவது அது. அதன் இருக்கையைப் புரிந்துகொண்டால், மற்றவற்றின் இருக்கைகளும் எளிதில் விளங்கிவிடும்.

முதலாவது கேள்வி, நம்மை ஏன் பிடித்து வைக்க வேண்டும் என்பது. ஆலங்குளத்திலிருந்து சிவகாசிக்குப் பேருந்தில் நின்றுகொண்டே செல்லும் மாணவன் இதன் விடையைத் தன் உடலாலேயே அறிவான். பேருந்து புறப்படும்போது அவன் பின்னால் சாய்கிறான். நிற்கும்போது முன்னால் விழப் பார்க்கிறான். வளைவில் பக்கத்து ஆள்மீது சரிகிறான். பேருந்து தன் இயக்கத்தை மாற்றிக்கொண்டாலும், அவனுடைய உடல் முன்பிருந்த நிலையிலேயே தொடர முயல்வதுதான் காரணம். இதனை நிலைமம் என்பர். சிவகாசி வட்டாரத்தில் பிறந்தவர்க்கு இன்னொரு சான்றும் உண்டு. தரையில் சுழலும் சங்குசக்கரத்தைப் பாருங்கள். மருந்து சக்கரத்தோடு ஒட்டியிருக்கும் வரையில் வட்டமாகச் சுற்றுகிறது. பொறியாகிப் பிரிந்ததும் அது வட்டத்தில் சுற்றுவதில்லை, நேராகப் பறந்துவிடுகிறது. ஊர்தியில் அமர்ந்திருப்பவனும், அவனைப் பிடித்திருப்பது எதுவும் இல்லையெனில், அப்பொறியைப் போன்றவனே.

ரோலர் கோஸ்டர் பள்ளத்தின் அடியில் மேல்நோக்கி வளையும்போது இருக்கை நம்மை மேலே தள்ளுகிறது. நம் எடை இரண்டு, மூன்று மடங்கானது போல் தோன்றுகிறது. அப்பொழுது விழுந்துவிடுவோம் என்ற அச்சத்திற்கு இடமில்லை. மேட்டின் உச்சியில்தான் நிலைமை மாறுகிறது. அவ்வேகத்தில் எறிந்த கல் எப்படி வளைந்து விழுமோ, அதைவிடக் கூர்மையாகத் தண்டவாளம் கீழே வளையுமானால், இருக்கை நம்மை விட்டு விலகிக் கீழே சென்றுவிடும். உடல் காற்றில் மிதக்கும். அந்தக் கணத்தில் நம்மை ஊர்தியோடு இணைப்பது மடிமீதுள்ள கம்பி ஒன்றே.

தொடக்கக் காலத்தில் இக்கம்பிக்குத் தேவை இருக்கவில்லை. 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோனித் தீவில் லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் அமைத்த ஊர்தி மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவில்தான் சென்றது. நம் ஊர் மிதிவண்டியே அதனை எளிதில் முந்திவிடும். மக்கள் பலகையில் அமர்ந்து பக்கவாட்டில் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். பின்னர் ஜான் மில்லர் என்னும் பொறியாளர், தண்டவாளத்தின் அடிப்பக்கத்தையும் பற்றிக்கொள்ளும் சக்கரங்களை அமைத்து, 1919இல் அவற்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் எவ்வளவு கூர்மையான மேட்டிலும் ஊர்தி தண்டவாளத்தை விட்டு எழ முடியாது. ஊர்தியைப் பிடிக்க அடிச்சக்கரம் வந்துவிட்டது. மனிதனைப் பிடிப்பதற்கும் ஒன்று வேண்டியதாயிற்று.

தலைகீழாகச் சுழலும் வளையத்தின் வரலாறு இன்னும் சுவையானது. 1895இல் கோனித் தீவில் அமைந்த வளையம் சரியான வட்ட வடிவில் இருந்தது. கல்லூரி மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: வட்ட வளையத்தின் உச்சியைத் தட்டுத் தடுமாறி எட்டுவதற்கு வேண்டிய வேகத்தோடு நுழைந்தாலே, அடியில் நம் எடை ஆறு மடங்காகத் தோன்றும். அதில் ஏறியவர்கள் கழுத்து வலியோடு இறங்கினார்கள். 1976இல் கலிபோர்னியாவில் 'ரெவல்யூஷன்' என்ற ஊர்தி வந்தது. வெர்னர் ஸ்டெங்கல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் அதன் வளையத்தை நீர்த்துளியின் வடிவில், அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் அமைத்தார். அழுத்தம் அளவோடு நின்றது. உச்சியிலும் உடல் இருக்கையோடு ஒட்டியே இருந்தது. ஆகவே முதலில் அதில் மடிக்கம்பி மட்டுமே இருந்தது. பிற்காலத்தில் தோளை அணைக்கும் சட்டம் சேர்க்கப்பட்டது. 2016இல் அச்சட்டத்தை நீக்கி மீண்டும் மடிக்கம்பியையே பொருத்தினார்கள். பாதை செம்மையாக அமைந்தால் உடலை மிகுதியாகக் கட்டிப்போட வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும்.

மடிக்கம்பி, தோள்சட்டம் என்னும் இவ்விரண்டுமே இன்று பெருவழக்கில் உள்ளவை. மடிக்கம்பி படிய வேண்டிய இடம் வயிறன்று. தொடையின் மேற்பகுதி, இடுப்பெலும்பை ஒட்டிய இடம். எலும்பு விசையைத் தாங்கும். வயிற்றின் மென்மையான உறுப்புகள் தாங்கா. தோள்சட்டம் தலைக்கு மேலிருந்து இறங்கி மார்பை அணைப்பது. கடுமையாகத் திருகும் பாதைகளில் அது பாதுகாப்புத் தரும்; ஆனால் பாதை கரடுமுரடாக இருந்தால் காதுகள் அதன் இரு பக்கங்களிலும் மோதும். அதனால் இப்பொழுது சில ஊர்திகளில் மெத்தென்ற சட்டை போன்ற அணைப்புகளைப் பொருத்துகிறார்கள்.

இவை எவ்வாறு பூட்டிக்கொள்கின்றன? மிதிவண்டியை மிதிக்காமல் உருட்டும்போது பின்சக்கரத்தில் 'டிக், டிக்' என்ற ஒலி கேட்கிறதன்றோ? பல்வரிசையின்மீது சிறு நாக்கு ஒன்று விழுந்து விழுந்து எழும் ஒலி அது. ஒரு திசையில் செல்ல விடும். மறு திசையில் விடாது. பல ஊர்திகளின் கம்பி இம்முறையிலேயே பூட்டப்படுகிறது. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே நம் உடல் அமைந்துவிட்டால் சற்று இறுக்கமாகவோ சற்றுத் தளர்வாகவோ இருக்க நேரும். எண்ணெய் நிரம்பிய உருளைகளைக் கொண்ட புதுமுறையில் இந்தக் குறை இல்லை. கம்பி எந்த இடத்திலும் நின்று பூட்டிக்கொள்ளும். எம்முறையாயினும் நல்ல அமைப்பில் பூட்டு இரட்டையாக இருக்கும். ஒன்று தவறினாலும் மற்றொன்று பிடிக்கும்.

உடலைச் சரியாகப் பிடித்தால் அது எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 1954 டிசம்பர் 10ஆம் நாள் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், ஏவுகணையால் உந்தப்பட்ட சறுக்குவண்டியில் அமர்ந்து மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, ஓரிரு விநாடிகளில் நிறுத்தப்பட்டார். அவர்மீது புவியீர்ப்பைப் போல் நாற்பத்தாறு மடங்கு விசை விழுந்தது. கண்கள் சிவந்து வீங்கின. எனினும் அவர் உயிர் பிழைத்தார். வார்கள் அவருடைய உடலோடு நன்றாகப் பொருந்தி, விசையைத் தோளெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பகிர்ந்தளித்தமையே முக்கியக் காரணம். ஆதலால் இருக்கையின் சுகம் வேறு, பாதுகாப்பு வேறு என்று எண்ணுவது பிழை. உடலோடு பொருந்துவதே சுகம். அப்பொருத்தமே பாதுகாப்பும் ஆகும்.

யாருடைய உடலோடு பொருந்துவது? தீப்பெட்டி செய்பவர்க்கு இந்தக் கவலை இல்லை. உட்பெட்டிகள் யாவும் ஒரே அளவு. மேலுறையும் ஒரே அளவு. மனிதரோ அப்படி அளவெடுத்துச் செய்யப்பட்டவர் அல்லர். 1950இல் அமெரிக்க விமானப்படையினர் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளை அளந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்னும் இளைஞர் அவ்வளவுகளில் பத்தினை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரியை ஒட்டியவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை! நம் நாட்டிலும் உடலளவுகள் திரட்டப்பட்டு, அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் வாயிலாக 1997இல் நூலாக வெளிவந்தன. 'சராசரி மனிதன்' ஒருவனுக்காக இருக்கை செய்தால், அஃது எவருக்கும் சரியாக அமையாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இருவரோ மூவரோ அமரும் இருக்கைக்கு ஒரே கம்பி இருப்பதைப் பலர் கண்டிருப்பர். தந்தையும் ஏழு வயது மகளும் அதில் அமர்கிறார்கள். கம்பி தந்தையின் தொடையில் முட்டி நின்றுவிடுகிறது. மகளின் மடிக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சாண் வெளி இருக்கிறது. கம்பி பூட்டியிருப்பது உண்மை. ஆனால் அது மகளைப் பிடிக்கவில்லை. தனித்தனிக் கம்பி வேண்டும் என்று பொறியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பொருந்தாமையின் விலை சிறிதன்று. 2011 ஜூலையில் நியூயார்க் மாநிலத்து டேரியன் என்னும் ஊரில், ஈராக் போரில் இரு கால்களையும் இழந்த வீரர் ஒருவர் ரோலர் கோஸ்டரில் ஏறினார். மடிக்கம்பி பிடிப்பதற்குத் தொடை வேண்டும். அவருக்கு அது இல்லை. இரு கால்களும் உள்ளவரையே ஏற்ற வேண்டும் என்ற விதி இருந்தும், பணியாளர்கள் அவரை ஏற்றினார்கள். அவர் தூக்கியெறியப்பட்டு இறந்தார். 2022 மார்ச்சில் ஃபுளோரிடாவின் ஓர்லாண்டோ நகரில், உயர்ந்த கோபுரத்திலிருந்து கீழே விழும் ஊர்தி ஒன்றில் பதினான்கு வயதுச் சிறுவன் ஏறினான். அவன் பருமனான உடலினன். அவ்வூர்தியின் எடை வரம்பு 130 கிலோ, அவன் எடை அதைவிட மிகுதி. அவனுடைய இருக்கையின் உணர்கருவி மாற்றி அமைக்கப்பட்டிருந்ததால், தோள்சட்டம் வழக்கத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு விலகியிருந்தும் 'பூட்டப்பட்டது' என்று விளக்குக் காட்டியது. ஊர்தி திடீரென்று வேகம் குறைந்தபோது அந்த இடைவெளி வழியே அவன் நழுவி விழுந்து உயிர் துறந்தான். இவ்விரண்டிலும் இரும்பு முறியவில்லை, வார் அறுந்துபோகவில்லை. இருக்கையும் உடலும் பொருந்தவில்லை. அதனைக் கண்டு தடுக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை.

இதனை அறிந்தால், வாயிலில் நிற்கும் அளவுகோல்மீது நமக்குக் கோபம் வராது. 120 சென்டிமீட்டர், 140 சென்டிமீட்டர் என்று எழுதியிருப்பது சிறுவரை அவமதிப்பதற்கன்று. உயரம் குறைந்த பிள்ளையின் இடுப்பெலும்பு இன்னும் முற்றவில்லை. கம்பி படிய வேண்டிய இடமும் தவறிவிடும். 'இன்னும் இரண்டு விரற்கடைதானே' என்று பணியாளரிடம் வாதாடும் பெற்றோர், தம் குழந்தைக்கு எதிராகவே வாதாடுகிறார்கள். அதே வேளையில், உடல் பருத்தவரையோ ஊனமுற்றவரையோ வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கவைத்து, கடைசியில் பலர் முன்னிலையில் இறக்கி அனுப்புவது நாகரிகமன்று. நல்ல பூங்காக்கள் பலவற்றில் நுழைவிடத்திலேயே ஒரு மாதிரி இருக்கையை வைக்கிறார்கள். எவரும் அமைதியாக அமர்ந்து பார்த்துத் தாமே முடிவு செய்யலாம். 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் அருகே திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காவில், தண்டவாளத்தின் கீழே தொங்கியபடி, கால்கள் காற்றில் ஊசலாடச் செல்லும் ரோலர் கோஸ்டர் ஒன்று ஓடுகிறது. அத்தகைய ஊர்தியில் காலுக்கு அடியில் தரைப்பலகைகூட இல்லை. இருக்கையும் அணைப்புமே எல்லாம்.

பொருட்காட்சி இராட்டினத்திலோ பூங்காவின் ஊர்தியிலோ ஏறும் மாணவர்கள் சிலவற்றைத் தாமே பார்த்துக்கொள்ளலாம். முதுகும் இடுப்பும் இருக்கையின் பின்புறத்தோடு ஒட்டுமாறு அமர வேண்டும். முன்னால் நகர்ந்து அமர்ந்தால் கம்பிக்கும் உடலுக்கும் இடையே வெளி ஏற்படும். மடியில் பையை வைத்துக்கொண்டு அதன்மீது கம்பியை இறக்கலாகாது. பை நழுவினால் வெளி மிஞ்சும். துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் நீண்ட பின்னலையும் உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். கம்பி பூட்டியதும் அதனை மேல்நோக்கி ஒருமுறை தள்ளிப் பார்க்க வேண்டும். அது அசைந்து மேலெழுந்தால் கூச்சப்படாமல் பணியாளரைக் கூவி அழைக்க வேண்டும். பணியாளர் ஒவ்வோர் இருக்கையாக வந்து கையால் தொட்டுப் பார்க்காமல் பொறியை இயக்கப் புகுந்தால், இறங்கிவிடுவதே அறிவுடைமை. நுழைவுச் சீட்டின் விலை மீண்டும் ஈட்டக்கூடியது.

உங்களில் சிலர் நாளை பொறியாளராகலாம். சிலர் விடுமுறையில் இத்தகைய ஊர்திகளில் பணிபுரியவும் கூடும். கம்பியைத் தொட்டுப் பார்க்கும் அந்தக் கை சோர்ந்துபோகும் வேலை அது. நூறு முறை பூட்டியிருந்தது நூற்றோராம் முறையும் பூட்டியிருக்கும் என்று மனம் ஏமாற்றும். வெடிமருந்தோடு வாழும் இவ்வட்டாரத்தார்க்கு அந்த ஏமாற்றம் எத்தகையது என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எதிரே அமர்ந்திருப்பவர் உயரமானவராகவோ குள்ளமானவராகவோ பருத்தவராகவோ மெலிந்தவராகவோ இருக்கலாம். அந்த ஓர் உடலை அக்கம்பி பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து உறுதி செய்வதே அப்பணியின் முழுப்பொருள் ஆகும்.