மேட்டிலே நிறுத்த வேண்டிய மழை

இடவப்பாதி, துலாவர்ஷம் என்று வருஷத்துக்கு இரண்டு மழைக்காலங்களைக் காணும் திருவனந்தபுரம் குன்றும் பள்ளமுமாய் அமைந்த பட்டணமாதலால், மேட்டில் விழும் ஜலம் சரிவில் விரைந்திறங்கித் தம்பானூர், கிழக்கேகோட்டை முதலிய தாழ்ந்த பிரதேசங்களில் தேங்குவது அங்கே பழைய சமாசாரம். 2015-ல் ஜில்லா நிர்வாகம் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் ஆக்கிரமிப்புகளை அகற்றி வடிகால்களைத் திறந்துவிட்டது. ஆயினும் 2023 அக்டோபர் மழையில் தெற்றியாறு பொங்கி டெக்னோபார்க் பகுதியைச் சூழ்ந்தது. வடிகாலைத் தூர்வார வேண்டியதுதான். ஆனால் அத்தனை ஜலமும் ஒரே சமயத்தில் வடிகாலுக்கு ஏன் வரவேண்டும்?

100 சதுர மீட்டர் முற்றத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் ஜலம் விழுகிறது. மணல் விரித்த பழைய முற்றம் அதில் கணிசமான பங்கை உள்ளே வாங்கிக்கொள்ளும். இன்டர்லாக் கல் பாவியபின் பெரும்பாலும் தெருவுக்குத்தான் போகிறது. கல்லுக்குக் கல் இடுக்கு இருக்கிறதே என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அடியில் கான்கிரீட்டும் இடுக்கில் சிமெண்டும் அடைத்த பிறகு அதனால் என்ன பிரயோஜனம்?

நீர் புகும் தளம் வேறு ஜாதி. மணலை அறவே நீக்கியோ மிகவும் குறைத்தோ, ஏறக்குறைய ஒரே அளவான ஜல்லியின்மேல் சிமெண்ட் குழம்பு மெல்லிதாய்ப் படிந்து ஒட்டும்படி இடுகிற இந்தக் கான்கிரீட்டில் நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வரை வெற்றிடமாதலால், வெட்டிய துண்டு பொரியுருண்டை போலத் தோன்றும். ஒரு வாளி ஜலத்தைக் கொட்டினால் கொட்டிய இடத்திலேயே மறைந்துவிடும். அதன் அடியில் கனமாகப் பரப்பிய பெருஞ்ஜல்லியே உண்மையான தொட்டி. அங்கே தங்கிய ஜலம் சாவகாசமாக மண்ணில் இறங்குகிறது. தாரிலும் இவ்விதத் தளம் உண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் பிராங்க்ளின் ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களின் தொடக்கத்திலேயே அதை ஆராய்ந்தார்கள்.

எங்கே இடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பஸ்களும் லாரிகளும் ஓயாது உருளும் சாலைக்கு இக்கான்கிரீட்டின் பலம் போதாது. வெள்ளம் நிற்கும் பள்ளத்தில் விரித்தாலோ, ஜலம் இறங்க இடமின்றி மேலேயே நிற்கும். கவடியார் போன்ற மேட்டுப் பகுதிகளின் நடைபாதைகள், வாகன நிறுத்தங்கள், ஆபீஸ் முற்றங்கள் ஆகியவையே இதற்கு உகந்த ஸ்தலங்கள். அங்கும் சரிவில் ஜல்லிப் படுகைக்குள் குறுக்கே தடுப்புகள் வைக்காவிட்டால், புகுந்த ஜலம் அடியிலேயே ஓடிக் கீழ்க்கோடியில் பீறிட்டு வெளிவரும். களிமண் தட்டுப்படும் இடத்தில், இறங்காத ஜலம் வெளியேறத் துளையிட்ட குழாயும் பதிக்கவேண்டும்.

மழையோடு வரும் செம்மண்ணும் உதிர்ந்த இலையும் துவாரங்களை அடைத்துவிடுமாதலால், இரண்டு மழைக்காலத்துக்கும் முன்பாக ஒவ்வொரு முறை உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்வது நலம். அந்தச் செலவை மாநகராட்சி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடவேண்டும். வெறும் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி இன்னும் உள்ளே இறங்கவும் கூடும்.